கடுவனுக்காக நின்ற தறி

எண்பதுகளில் எங்கள் வீட்டில் பவர்லூம் தறி ஓடியது. பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியைத் தேடி எலி வரும். அதனால் சங்கரன்கோவிலில் தறிக்காரர் வீட்டில் பூனை இல்லாமல் இருக்காது. எங்களிடம் ஒரு தடித்த கடுவன் பூனை இருந்தது. "எலி பிடிக்கத்தான் சோறு" என்பார் என் வீட்டுக்காரர். கொஞ்சலெல்லாம் கிடையாது. அந்த மனுஷன் யாரைத்தான் கொஞ்சினார்? நான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோதுகூட, சுவருக்கு அந்தப் பக்கம் தறி கடகடவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு கோடையில் கடுவன் மூலைக்கு மூலை உட்கார்ந்து முக்க ஆரம்பித்தது. அடித்தொண்டையில் ஒரு கத்தல் வேறு.

"வயிறு கட்டியிருக்குட்டி. வெளக்கெண்ணெய் ஊத்துனா சரியாப் போவும்" என்று சொல்லி வீட்டுக்காரர் ஊற்றியும் விட்டார். நான் என் பங்குக்குக் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அதன் வயிற்றில் பூசினேன். எங்கள் ஊரில் எந்த நோவுக்கும் முதல் மருந்து அதுதான். மறுநாள் கடுவன் தலையே தூக்கவில்லை. பயந்துபோய் நூல் மூட்டைச் சாக்கில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் காய்ந்த மண்ணைத் துடைத்துவிட்டு வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"இது வயித்துக்கட்டு இல்ல. மூத்திரம் அடைச்சிருக்கு. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். எலுமிச்சம்பழம் போல இறுகிக் கிடந்தது. எங்கள் வைத்தியத்தை நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

பூனைக்கு வைக்கிற அளவில் அங்கே குழாய் இல்லை. மருந்துக்கடையில் கைக்குழந்தைக்கு மருந்து ஏற்றுகிற மெல்லிய குழாயை வாங்கிவரச் சொன்னார். மயக்க ஊசி போட்டு, குழாயை மருந்துநீரோடு மெல்ல மெல்லச் செலுத்தினார். முதலில் மணல் மணலாக ஏதோ வந்தது. பிறகு ரத்தம் கலந்த மூத்திரம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. என் வீட்டுக்காரர் அதன் காலைப் பிடித்தபடி மூச்சுவிடாமல் நின்றார்.

குழாயைத் தோலோடு தைத்துவிட்டு டாக்டர் சொன்னார்: "ரெண்டு மூணு நாள் இருக்கட்டும். சத்தம் ஆகாது. மிரண்டா இழுத்துப் போட்டுருவான்."

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவைத்தார். நூல் கொடுத்த முதலாளி ஆள் அனுப்பியும் ஓட்டவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பூனையாகவாவது பிறந்திருக்கலாம் என்று அடுப்படியில் முணுமுணுத்தேன். அவர் காதில் விழுந்திருக்கும். தறிப் பக்கம் மட்டும் போகவில்லை.

குழாயை எடுத்த அன்று டாக்டர், "இனி தானாப் போனாத்தான் பிழைச்சான். திரும்ப அடைச்சா ரொம்பக் கஷ்டம்" என்றார். வீட்டுக்கு வந்து பொழுது சாயும்வரை காத்திருந்தோம். சொட்டுக்கூட இல்லை. அவர் சாப்பிடாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என் கோபமெல்லாம் எங்கே போனதோ, நானும் போய் உட்கார்ந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கடுவன் தள்ளாடி எழுந்து, நெய்து மடித்து வைத்திருந்த புதுத் துணிமேல் ஏறி உட்கார்ந்தது. துணி நனைந்தது. நூல் இழையில் ஒரு கறை பட்டாலே ஊரைக் கூட்டுகிற மனுஷன் அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏட்டி, பேஞ்சிட்டான்" என்றார். கண் கலங்கியிருந்தது.

துணியை அவரே அலசிப் போட்டார். "தறியப் போடலாமா?" என்று கேட்டேன்.

"பொறு. தூங்குதான்."

அந்த வீட்டில் யாருடைய தூக்கத்துக்காகவும் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நானும் பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்தேன். கல்யாணமாகி வந்த பிறகு அன்றைக்குத்தான் அசந்து தூங்கினேன்.