பத்திரம் அக்கா

லாரியின் பின்கதவைச் சாத்திப் பூட்டும் போட்டாயிற்று. இருந்தும் அக்கா அதை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். பிறகு உள்ளங்கையால் தட்டிக் கொடுத்து, "பத்திரம், பத்திரம்" என்கிறார். ஓட்டுநருக்குச் சொல்கிறாரா, உள்ளே பெட்டிக்குள் மெத்தென்று படுத்திருக்கும் ஓவியத்துக்கா என்று கேட்டால், "ரெண்டு பேருக்கும்தான்" என்பார்.

கண்காட்சிக்காக இரவல் வாங்கும் கலைப்பொருள்களுக்கு அரசு ஜாமீன் நிற்கும். சேதமானால் உரியவருக்கு இழப்பீடு தருவதாக எழுதிக் கொடுக்கும். அந்தப் பத்திரத்தை எழுதும் அதிகாரி இவர். 'பத்திரம் அக்கா' என்று நாங்கள் வைத்த பட்டப்பெயர் இரண்டு வகையிலும் பொருந்திவிட்டது. பொருள் உரியவர் வீட்டை விட்டுக் கிளம்பியது முதல் திரும்பிப் போய்ச் சேரும்வரை அக்காவின் கண் அதன்மேலேயே இருக்கும்.

வீட்டில் கதை வேறு. பேச்சு சுவாரசியத்தில் கையை வீசிக் கோப்பைகளைத் தட்டிவிடுவார். அங்கே ஜோடியாக இரண்டு கோப்பை கிடையாது. "ஊர்ச் சாமானுக்கெல்லாம் ஜாமீன் நிக்கிறா, எங்க வீட்டு டம்ளருக்கு நாதியில்ல" என்று கணவர் சொன்னால், முதலில் சிரிப்பது அக்காதான்.

சென்ற ஆண்டு அருங்காட்சியகம் கடல்வழி வந்த பீங்கான்களைக் காட்சிக்கு வைத்தது. நடுநாயகமாக வைக்க வேண்டிய நீல ஜாடி, ஓய்வுபெற்ற பல் மருத்துவர் அம்மாள் ஒருவரிடம் இருந்தது. இடுப்புயர ஜாடி, அவருடைய அம்மா கப்பலில் கொண்டுவந்தது. அழைப்பிதழில் அதன் படத்தையே அச்சிட்டுவிட்ட பிறகு, தர மாட்டேன் என்று மருத்துவர் பின்வாங்கினார். அருங்காட்சியக இயக்குநர் அக்காவை அழைத்துக்கொண்டு ஓடினார். புகைப்படக்காரன் என்பதால் நானும் போனேன்.

துளிக் கீறல்கூட விழாது என்று இயக்குநர் சத்தியம் செய்யாத குறை. மருத்துவர் அவரை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"உடைஞ்சா?"

"பணம் வரும். ஜாடி வராது" என்றார் அக்கா.

இயக்குநர் அக்காவின் கையை இடித்தார். அக்கா நிறுத்தவில்லை. "உடையவே உடையாதுன்னு சொன்னா அது பொய்ம்மா. கூடவே வருவேன், கூடவே இருப்பேன். அதுதான் என்னால சொல்ல முடியும்."

மருத்துவர் சிரித்தார். "வலிக்கவே வலிக்காதுன்னு சொல்லி நான் யாருக்கும் பல்லு புடுங்கினதில்ல. எடுத்துட்டுப் போங்க."

சொன்னபடியே அக்கா லாரியில் பெட்டியோடு வந்தார். கண்காட்சி நடந்த நாளெல்லாம், அலுவலகம் போகும் வழியில் ஜாடியை எட்டிப் பார்த்து, "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பக்கத்துக் கூடத்தில் நடனப் பயிற்சி தொடங்கித் தரை அதிர்ந்த அன்று, அவர் போட்ட போட்டில் பயிற்சியே வேறு கட்டடத்துக்கு மாறிப்போனது.

ஜாடியைத் திருப்பிக் கொடுத்த அன்று நல்ல மழை. மருத்துவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். பழைய இடத்தில், வாசற்கதவு ஓரமாக வைக்கச் சொன்னார். பெற்றுக்கொண்டதாக, ஜாமீனை முடித்துவைக்கும் கையெழுத்தைப் போட்டார். போட்ட கையோடு தன் கைத்தடியை எடுத்து ஜாடிக்குள் விட்டார். டங்.

"இது இல்லாம எத்தனை நாளா இந்தத் தடி கீழே கீழே விழுந்துட்டிருந்தது" என்றார்.

கண்ணை இறுக மூடியிருந்த அக்கா, மெல்லத் திறந்தார். ஜாடியைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, சொட்டிக்கொண்டிருந்த தன் குடையை மடக்கி, கைத்தடிக்குப் பக்கத்தில் இறக்கினார்.