வலது வரிசையில் இருந்த ஆள்

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய பட்டறையைச் சுத்தம் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தை நடத்துகிறார்கள். சோப்பு, காதணி, மெழுகுச் சாயம் போட்ட பாத்தேக் துணி, கேக் என்று என்னென்னமோ விற்பார்கள். அங்கேதான் ஒரு மத்தியானம் என் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. இன்னும் முழுசாக அணையவில்லை, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு டாரட் சீட்டு பார்க்கத் தெரியும். தொழிலாக இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு ஆபீஸில் வேலை பார்க்கிறேன், சீட்டு என் சொந்தப் பைத்தியம். கோப்பை, வாள், கோல், காசு என்று படம் போட்ட சீட்டுகள். படம் பாதி விஷயம்தான். அது எந்த இடத்தில் விழுகிறது என்பது மீதிப் பாதி. அந்த இடங்களின் அமைப்பைத்தான் ஸ்ப்ரெட் என்போம். சின்னக் கேள்விக்கு மூன்று சீட்டு போதும்: நடந்தது, நடக்கிறது, நடக்கப்போவது. பெரிய சிக்கல் என்றால் சிலுவை மாதிரி பத்துச் சீட்டு. இரண்டு பேருக்கு நடுவில் உள்ள விவகாரம் என்றால் இரண்டு வரிசை. இடது வரிசை கேட்கிறவருக்கு, வலது வரிசை அந்த இன்னொரு ஆளுக்கு, கீழே நடுவில் ஒரே ஒரு சீட்டு, முடிவுக்கு. இதைக் கேட்டு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் காதல் விஷயமாகத்தான் வருவார்கள்.

எதைப் போட்டாலும் ஒரு சட்டம் உண்டு. கேட்கிறவர்தான் சீட்டைக் கலைக்க வேண்டும், இடது கையால் வெட்ட வேண்டும். இதில் நான் ரொம்பக் கறார்.

நான் விடாமல் சீட்டு பார்த்தது ஒருத்திக்குத்தான். என் சிநேகிதி. ஒரே ஆபீஸ், ஜெலுத்தோங்கில் ஒரே அடுக்குமாடிக் கட்டடம், அவள் எனக்கு ரெண்டு மாடி கீழே. காலையில் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினால் சாயங்காலம் திரும்ப என் மோட்டாரில்தான் வீட்டுக்கு. அவளுக்கு விவாகரத்து ஆன சமயத்தில் அழுததெல்லாம் என் தோளில்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமாக் கடையில், நம்ம முஸ்லிம் ஆட்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைதான், கடைசி மேசை எங்களுடையது. சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் துடைத்துச் சீட்டை எடுப்பேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "தேத்தண்ணி கொட்டுனா என்கிட்ட வராதீங்கம்மா" என்பார். என் தங்கைகூட அவளை அவ்வளவு புரிந்துகொண்டிருக்க மாட்டாள் என்று நான் நம்பினேன். அவள் ஒரு புதுச் சட்டை வாங்குவதாக இருந்தாலும் நான் சரி என்று சொல்ல வேண்டும். அதைப் பாசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போது, அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சின்னப் பெண் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மேசை போட்டுச் சீட்டு பார்க்கிறாள் என்று ஆபீஸில் பேச்சு வந்தது. நம்ம தமிழ்ப் பெண்தான், ஃபெரியில் வந்து போகிறாளாம். அப்படிப் பார்க்கிறாள், இப்படிப் பார்க்கிறாள் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். என்னிடம் இலவசமாகப் பார்த்துக்கொண்ட ஆட்கள்தான் புகழ்ந்தார்கள், அதுதான் கடுப்பு. "வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டதா இருக்கும்" என்று சொல்லி முடித்துவிட்டேன். நானும் பாதி வீடியோ பார்த்துக் கற்றவள்தான். அதை யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஈத்தாமில் சின்னம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றாள் சிநேகிதி. மோட்டாரில் கொண்டுபோய் விடட்டுமா என்றதற்கு, வேண்டாம், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள். அவளுக்குப் பிறந்தநாள் வருகிறதே, நல்ல காதணி ஒன்று வாங்கலாம் என்று நான் சந்தைக்குப் போனேன். பாத்தேக் துணி தொங்கவிட்டிருந்த கடையைத் தாண்டும்போது முதலில் தெரிந்தது ஒரு நீல வெல்வெட் விரிப்பு. மேலே கல், மெழுகுவர்த்தி, மல்லிகை எல்லாம் வைத்து ஜோடித்திருந்தாள் அந்தப் பட்டர்வொர்த் பெண். அவளுக்கு எதிரே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் சிநேகிதி உட்கார்ந்திருந்தாள்.

புருஷனை வேறொருத்தியோடு பார்த்தவளுக்குக்கூட அப்படி எரிந்திருக்காது. என்னிடம் பொய் சொல்லிவிட்டு, என் சீட்டை விட்டுவிட்டு, வெல்வெட்டுக்காரியிடம் வந்திருக்கிறாள்! அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. தொங்கின பாத்தேக் துணிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். கடைக்காரம்மா, "அக்கா, சாரோங் வேணுமா?" என்று கேட்க, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். பொய்யில்லை.

மேசையில் இருந்தது இரண்டு வரிசை. சீட்டெல்லாம் அந்தப் பெண்ணைப் பார்த்து இருந்ததால் நான் நின்ற பக்கத்திலிருந்து எல்லாம் தலைகீழ், இடதும் வலதும் மாறித்தான் தெரியும். இருந்தாலும் இத்தனை வருடப் பழக்கம், மனசுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன். சிநேகிதியின் வரிசையில் கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு வாளைப் பிடித்திருக்கும் பெண்: சொல்ல முடியாமல் தவிக்கிறாள். அதற்குக் கீழே, அடுக்கி வைத்த எட்டுக் கோப்பையை விட்டுவிட்டு முதுகு காட்டி நடந்து போகிற ஆள்: எங்கேயோ கிளம்பப் பார்க்கிறாள். அந்த இன்னொரு ஆளின் வரிசையில் வாள் ராணி: கூர்மையான நாக்கு. அதற்குக் கீழே நாலு காசு. அந்தச் சீட்டில் ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். ஒரு காசு தலை மேல், இரண்டு காசு காலடியில், ஒன்றை மார்போடு சேர்த்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருப்பான். யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்காத பிடி. நடுச்சீட்டை மட்டும் பார்க்க முடியவில்லை, அந்தப் பெண்ணின் கை மறைத்தது.

காதணி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரோ ஒருவன் வந்திருக்கிறான். வாயாடி, சந்தேகப் பேர்வழி, இவளை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறான். ராணிச் சீட்டு ஆணுக்கும் வரும், அது ஒன்றும் அதிசயமில்லை. என்னிடம் மறைத்துவிட்டாளே என்பதுதான் நெஞ்சை அறுத்தது. யார் அவன்? எனக்குத் தெரியாமல் எப்போது போய்ப் பார்க்கிறாள்? என் மோட்டாரிலேயே சுற்றிக்கொண்டு எனக்குத் தெரியாமல் இன்னொருவன்!

அந்த வாரம் முழுக்க அவளாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சின்னம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நல்லா இருக்காங்க என்றாள். சரி, நானே சொல்ல வைக்கிறேன் என்று முடிவு செய்தேன். ஒளிந்து பார்த்தேன் என்று சொன்னால் மானம் போகும். அதனால் வியாழன் சாயங்காலம் உட்கார்ந்து, அந்தப் பெண் மேசையில் பார்த்த அதே சீட்டுகளை அதே வரிசையில் என் கட்டின் மேலே அடுக்கினேன். தெரியாத நடுச்சீட்டுக்கு என் இஷ்டப்படி இடி விழுந்து உடைகிற கோபுரத்தை வைத்தேன். அந்த ஆள் மீது எனக்கு அவ்வளவு கோபம்.

வெள்ளிக்கிழமை மாமாக் கடையில் அவள் வழக்கம்போலக் கையை நீட்டினாள். நான் சீட்டைக் கொடுக்கவில்லை. "இன்னிக்கு நானே கலைக்கிறேன், மனசு சொல்லுது" என்று சொல்லி, மேலே அடுக்கியதை விட்டுவிட்டு அடியில் உள்ளதை மட்டும் சலசலவென்று கலைத்தேன். சீட்டு ஒவ்வொன்றாக விழ விழ அவள் முகம் வெளுத்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். பார்த்தாயா, என்னிடம் மறைக்க முடியுமா?

அப்புறம் வாயைத் திறந்தேன் பாருங்கள். அந்த மாதிரி நான் அதற்கு முன்னாலும் சொன்னதில்லை, பின்னாலும் சொன்னதில்லை. வலது வரிசையைத் தட்டிக் காட்டி, "இந்த ஆள் ஒன்ன நிம்மதியா விடாது" என்று ஆரம்பித்தேன். பாசம் என்று சொல்லிக்கொண்டு மூச்சுவிட விடாத ஆள். நீ எங்கே போகிறாய், யாரோடு பேசுகிறாய் என்று கணக்குக் கேட்கிற ஆள். நீ சந்தோஷமாக இருந்தால்கூட அது தன்னால்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள். "இது அன்பு இல்லடி, பிடிச்சு வெக்கிறது. இந்த மாதிரி ஆளுக்காக நீ ஏன் நிக்கணும்? விட்டுட்டுப் போயிடு" என்று முடித்தேன்.

அவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, "இப்பவாவது சொல்லு, யார் அவன்?" என்றேன்.

"அவன் இல்ல லா" என்றாள். டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "நீதான்."

கோலாலம்பூரில், எங்கள் ஆபீஸின் கே.எல். கிளையில் அவளுக்குப் பெரிய வேலை கிடைத்திருந்தது. கேட்டு வாங்கியதே அவள்தான். சம்மதமா என்று பதில் கேட்டிருந்தார்கள். போகவும் ஆசை, என்னிடம் சொல்லவும் பயம். என்னைப் பற்றி என்னிடமே எப்படிச் சீட்டு கேட்பது? அதனால்தான் அந்தப் பெண்ணிடம் போயிருக்கிறாள். அந்தப் பெண், "சொல்லிடுங்க அக்கா, அவங்க மொதல்ல கோவப்படுவாங்க, அப்புறம் அவங்களே அனுப்பி வெப்பாங்க" என்றாளாம். என்னைப் பார்த்தே இராத ஒருத்தி என்னைப் பற்றி அப்படி நல்லவிதமாகச் சொல்லியிருக்கிறாள். அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

சீட்டு பொய், நான் அடுக்கி வைத்தது என்று சொன்னால் ஒளிந்து பார்த்ததும் வெளியே வரும். சொல்லாவிட்டால் அவள் போய்விடுவாள். இரண்டு மேசையிலும் ஒரே சீட்டு விழுந்ததை அவள் விதி என்று எடுத்துக்கொள்வாள் என்று தெரிந்தது. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, நுரை வர ஆற்றிக் கொடுத்த தே தாரிக் தேத்தண்ணியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. அவள் மறு வாரமே சம்மதம் சொல்லிவிட்டாள்.

கிளம்புகிற அன்று நானும் கூடப் போனேன். ஃபெரியில் ஏறி அக்கரைக்குப் போனோம், ரயில் அங்கிருந்துதான். பட்டர்வொர்த் ஸ்டேஷனில் யார் நிற்கிறாள் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பெண்தான். வழிக்குச் சாப்பிட நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இவர்கள் எப்போது இவ்வளவு நெருக்கமானார்கள்? பழைய எரிச்சல் மறுபடியும் தலைக்கேறியது. நான் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் நல்லவள், நாசூக்கானவள், சீக்கிரமே விடைபெற்றுப் போய்விட்டாள்.

சிநேகிதி என் முன்னால் வந்து நின்றாள். நின்றவள் திடீரென்று சிரித்தாள். "அடியே, ஒன்னப் பாரு" என்றாள்.

குனிந்து பார்த்தேன். அவளுடைய கைப்பையை மார்போடு சேர்த்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவளுடைய பெட்டி ஒன்று என் வலது காலடியில், இன்னொன்று இடது காலடியில். தலையில் மட்டும்தான் எதுவும் இல்லை.

"அன்னிக்கு நீ என்னைக் கலைக்க விடல" என்றாள் அவள். "அப்பவே தெரியும். நடுவுல நீ கோபுரத்த வெச்ச. அவ மேசைல வந்தது ரெண்டு கோப்பை."

ரெண்டு கோப்பைச் சீட்டில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று, ஆளுக்கொரு கோப்பையை நீட்டிக்கொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் பிடித்திருக்க மாட்டார்கள். என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தெரிந்திருந்தும் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சீட்டுதான் லா நீ வெச்சது. அர்த்தம் சொன்னது மனசுலேருந்துதானே வந்துச்சி" என்றாள். ரயில் வந்து நின்றது. "பேக்கக் குடு."

கொடுத்தேன். உடனே கொடுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை, அவள் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது.

இப்போதும் அவள் போன் பண்ணுகிறாள். கே.எல்.-இல் கிடைத்த புதுத் தோழிகளைப் பற்றிப் பேசுவாள், எனக்கு இங்கே லேசாகப் புகையும், ஆனால் யார் எவள் என்று நோண்டிக் கேட்பதில்லை. சீட்டு போடும்போது அந்த நாலு காசு எனக்கு அடிக்கடி வருகிறது. வந்தால் அர்த்தம் சொல்வதற்கு முன்னால் என் இரண்டு கைகளையும் ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொள்கிறேன்.