பூச்சி மாத்திரையும் நான் சொன்ன பொய்யும்

காப்பி நாற்று வளர்க்கும் கறுப்பு பாலிதீன் பையைப் பார்த்தால் இன்றும் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஏற்காட்டு நர்சரிகளில் வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், சுற்றுலா வருகிறவர்கள் நின்று போட்டோ எடுப்பார்கள். எனக்கு மட்டும் உள்ளே ஒரு புழு நெளிகிற மாதிரி இருக்கும். உண்மையில் நான் பார்த்தபோது அது செத்துத்தான் கிடந்தது.

ஏற்காட்டு மலையில் வாழவந்திக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தேன். இரண்டே ஆசிரியர்கள் என்பதால் மணியடிப்பதும் தலைமையின் வேலையில் சேர்ந்ததுதான். ஆண்டுக்கு இரண்டு முறை குடற்புழு நீக்க மாத்திரை வரும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கண் முன்னால் மென்று விழுங்க வைத்து, பெயருக்கு நேரே டிக் போட வேண்டும். மழைக் காலத்தில் ஒருமுறை அப்படிக் கொடுத்த மறுநாள் காலையில் அந்த அம்மா பள்ளிக்கு வந்தார். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். மகன் ஐந்தாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு. மகளுக்குக் காய்ச்சல் என்று முந்தின நாள் அனுப்பவில்லை, மகன் மட்டும் மாத்திரை தின்றிருந்தான். அம்மாவின் கையில் ஒரு நாற்றுப் பை. என் மேசையில், வருகைப் பதிவேட்டின் மீதே அதைப் பிரித்து வைத்தார். உள்ளே ஒரு சாண் நீளத்துக்குப் புழு.

"ஏனுங்க சார், எம் பையன் வயித்துல இத்தன நாளா இது இல்லீங்க. நேத்து நீங்க குடுத்த மாத்திரைதானுங்க இப்படி வளந்துருக்குது."

நான் சிரித்துவிட்டேன். சின்னச் சிரிப்பு அல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஏற்கெனவே உள்ளே இருந்ததை மாத்திரை வெளியே தள்ளியது என்று இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். கூலியை விட்டுவிட்டு வந்து, அருவருப்பை அடக்கிக்கொண்டு சாட்சியத்தோடு நின்ற மனுஷியைப் பார்த்து நான் சிரித்தேன். அவர் பையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். ஒரே வாரத்தில் ஊர் முழுக்க, மாத்திரைக்குள் பூச்சி முட்டை இருக்கிறது என்று ஆகிவிட்டது.

அடுத்த சுற்று வந்தபோது காப்பியில் கடைசிப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. மாத்திரை நாளில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களில் பலர் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்து, கழிப்பறைக்குப் பின்னால் போய்த் துப்பினார்கள். இதற்கிடையில் என் மேசையில் இருந்த சாக்பீஸ் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன், அந்த அம்மாவின் மகள். வாயெல்லாம் வெள்ளை. திருடி என்றேன். வகுப்பில் தலையைக் கவிழ்த்துக் கிடப்பாள் என்பதால் தூங்குமூஞ்சி என்று ஏற்கெனவே ஒரு பெயரும் வைத்திருந்தேன். எல்லோரும் சிரிக்க அவளும் சேர்ந்து சிரிப்பாள். அதை இப்போது எழுதும்போது கூசுகிறது.

எங்கள் பக்கத்துக் கிராம சுகாதார நர்ஸம்மா வந்தார். சேலத்துக்காரர், சுருக்கென்று பேசுவார். சிறுமியின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் சிவப்பே இல்லை.

"இவ சோம்பேறி இல்லீங்க சார். ஒடம்புல ரத்தம் இல்லீங்க, அதான் சாக்பீஸத் திங்கறா. பூச்சி உறிஞ்சுது. மண்ணுல வெறுங்காலோட நடக்கறப்பவே உள்ள ஏறிரும். இப்படியே உட்டா மேட்ல ஏறயில ஒருநாள் உழுந்துருவா."

அன்று மாலையே நர்ஸம்மா அவர்கள் வீட்டுக்குப் போனார். அந்த அம்மா கத்தவில்லை, சண்டை போடவில்லை. பூச்சி மாத்திரையும் வேண்டாம், இரும்புச் சத்து மாத்திரையும் வேண்டாம் என்றார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். நர்ஸம்மா மென்று காட்டினால் ஏற்க மாட்டாராம், அவரிடம் வேறு நல்ல மாத்திரை இருக்குமாம். பள்ளிக்கூடத்து டப்பாவிலிருந்தே எடுத்து சார் திங்கட்டும், மறுநாள் சாருக்குப் பூச்சி வரவில்லை என்றால் மகளுக்குக் கொடுக்கிறேன் என்றாராம். யோசித்துப் பார்த்தால், படிக்காதவர் என்று நான் நினைத்திருந்த அந்த அம்மா ஒழுங்கான ஒரு பரிசோதனையைத்தான் முன்வைத்திருக்கிறார்.

எனக்கு அது மானப் பிரச்சினையாகப் பட்டது. கணக்கெடுப்பு, மீட்டிங் என்று எட்டு நாள் கடத்தினேன். ஒன்பதாம் நாள் அந்தச் சிறுமி பள்ளி மேட்டில் பாதியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்று மத்தியானம் எஸ்டேட்டில் பழம் எடை போடும் இடத்துக்குப் போய், பத்துப் பதினைந்து பெண்களுக்கு நடுவில் நின்று மாத்திரையை மென்றேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள், காட்டினேன். ஒருவர் நாக்கைத் தூக்கச் சொன்னார், அதையும் செய்தேன்.

மறுநாள் காலை எனக்கு வந்தது.

வராமல் என்ன செய்யும்? பிள்ளைகளுக்குக் கை கழுவும் ஆறு படிகளைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மரத்தடியில் விழுந்த கொய்யாவை வேட்டியில் துடைத்துத் தின்கிறவன் நான். அவர்கள் குடித்த ஊற்றுத் தண்ணீரைத்தான் நானும் குடித்தேன். வாசலில் அந்த அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வந்துச்சுங்களா சார்?"

"இல்லம்மா" என்றேன்.

அங்கேயே, என் கண் முன்னால், மாத்திரையை மகள் வாயில் போட்டு மெல்ல வைத்தார். "முழுங்கு சாமி" என்று கன்னத்தைத் தடவினார். இரும்பு மாத்திரையும் நாள் தவறாமல் கொடுத்தார். அடுத்த மழைக்கு அந்தப் பெண் மேட்டில் ஓடியே வந்தாள். ஊரும் தேறியது, மாத்திரை நாளில் வருகை நிறைந்தது. நர்ஸம்மா என்னைப் பாராட்டினார். அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. நல்லதுக்காகச் சொன்னது, யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ளும் போதெல்லாம் எழுந்து நடக்கத் தோன்றியது.

போன மாதம் அடிவாரத்தில் வாழவந்தி பஸ்ஸில் ஏறினேன். ஓய்வுபெற்றுச் சேலத்தில் இருக்கிறேன், ஒரு கல்யாணத்துக்காக மேலே போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் அந்த அம்மா. மகள் சேலத்தில் காலேஜ் போகிறாளாம், ஹாஸ்டலில் பார்த்துவிட்டு வருகிறாராம். நல்லபடியாகப் பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா சார்? அன்னைக்கு உங்களுக்கு வரலைன்னதும் மாத்திரைய நம்பிட்டனுங்க. ஆனா எனக்கு மனசே ஆறலீங்க. சார் வயித்துல இல்லாதது எம் புள்ளைங்க வயித்துல மட்டும் எப்புடி வந்துச்சு? எங் கையிதான் சுத்தமில்லையோன்னு நொம்ப நாளு அதுகளுக்குக் கையால சோறே ஊட்டலீங்க. கரண்டியிலதான் போட்டனுங்க."

அவர் பக்கம் திரும்பினேன்.

"எனக்கும் வந்துச்சம்மா. அன்னைக்குப் பொய் சொன்னேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "உண்மையைச் சொல்லியிருந்தா மாத்திரை குடுத்திருப்பீங்களா?" என்று அவசரமாகக் கேட்டேன்.

"குடுத்திருக்க மாட்டனுங்க" என்றார்.

அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

"அது செரிங்க சார்" என்றார், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே. "புள்ள தேறி ஓடுன பொறவாவது வந்து சொல்லீருக்கலாமுங்களே. எங்க ஊடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கந்தானுங்க."