சரிவுத் தொட்டிக்கு அறுநூறு மில்லி

மீன்குஞ்சுப் பண்ணையில் எல்லோரும் அவளை லிட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தத் தொட்டிக்கு எவ்வளவு மருந்து என்று கேட்டால் போதும். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மனசுக்குள் பெருக்கி, ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் லிட்டர் என்று போட்டு, கண் மூடித் திறப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பதினாறு வருஷத்தில் அவள் கணக்கு ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

அந்த வருஷம் புதிதாக ஒரு தொட்டி வெட்டினார்கள். பத்து மீட்டர் நீளம், ஒரு மீட்டர் ஆழம். மேலே அகலம் மூன்று மீட்டர். பக்கச் சுவர்கள் சரிந்து இறங்கி, அடியில் ஒரு மீட்டர்தான். குஞ்சுகளுக்குப் பூஞ்சை கண்டதும் மேலாளர் சீட்டு எழுதினார்: முப்பது கன மீட்டர், ஆயிரம் லிட்டருக்கு இருபது மில்லி, ஆக அறுநூறு மில்லி.

"சார், இது பெட்டி மாதிரி இல்லையே. மேல மூணு, கீழ ஒண்ணு. சராசரி ரெண்டுதான் வருது. இருபது கன மீட்டர், இருபதாயிரம் லிட்டர். நானூறு மில்லி போதும் சார்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? எழுதினதை ஊத்தும்மா."

வீட்டில் கணவன் முதுகெலும்பு முறிந்து நான்கு வருஷமாகப் படுத்த படுக்கை; இவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அறுநூறையும் அளந்து ஊற்றினாள்.

மதியத்துக்குள் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. நாற்பதாயிரம். வலையால் அள்ளி அள்ளி அவள் கை மரத்துப்போனது. முதலாளி வந்து நின்றபோது சீட்டைக் காணவில்லை.

"இந்தம்மாதான் சார் ஊத்துனாங்க" என்றார் மேலாளர். அதில் பொய் இல்லை.

சாயங்காலம் கணவனின் முதுகைத் துடைத்துவிட்டபடியே நடந்ததைச் சொன்னாள்.

"நீ போட்ட கணக்கு சரிதானே?"

"சரிதான். ஊத்துனது யாரு கை?"



மருந்தலமாரிச் சாவியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, தொட்டி கழுவும் வேலைக்குப் போட்டார்கள். அடுத்த தடவை அதே தொட்டியில் பூஞ்சை வந்தபோது, மேலாளர் பயந்துபோய் முந்நூறு மில்லியோடு நிறுத்திக்கொண்டார். அது பத்தவில்லை. குஞ்சுகள் ஒரு வாரம் இழுத்துக்கொண்டு கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தன. "எவ்வளவுதான்யா ஊத்துறது?" என்று அவர் கத்தியது, பக்கத்துத் தொட்டியில் பாசி தேய்த்துக்கொண்டிருந்த அவள் காதில் நன்றாக விழுந்தது. அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் நிமிரவில்லை.