பவுனம்மாவின் வாசல்

உத்திரமேரூர் கல்யாண மண்டபத்தைப் பெருக்கிக் கோலம் போடுவது பவுனம்மாவின் வேலை. கோடையில் அங்கே பிள்ளைகளுக்கு ஓவிய முகாம் நடந்தது. கடைசி நாள் விடியற்காலை, பழக்க தோஷத்தில் வாசலில் ஒரு வாளித் தண்ணீரை வீசிவிட்டுத்தான் தரையைப் பார்த்தாள். முந்தின மாலை அவள் போன பிறகு பிள்ளைகள் மயிலும் மீனுமாக வரைந்து வைத்திருந்தார்கள்.

"ஐயோ, புள்ளைங்க படத்தக் கெடுத்துட்டனே!"

முகாமில் தங்கியிருந்த ஓவிய ஆசிரியர் தினகரன் ஓடிவந்து சிரித்தார். "இது பெயின்ட்டு அக்கா, போவாது."

தூசு போய் மயில்கள் பளபளத்தன. பவுனம்மாவுக்கு மூச்சு வந்தது, கூடவே கோபமும்.

"அத நேத்தே சொல்றதுக்கு இன்னா? இப்ப கோலத்த எங்க போடுறது?"

தினகரன் வாசற்படிக்கு நேரே காட்டினார். அங்கே வட்டமாக வெறும் தரை. "அது அக்கா எடம், யாரும் தொடக்கூடாதுன்னு புள்ளைங்களே விட்டு வெச்சிகீதுங்க."

பவுனம்மா அந்த வட்டத்தை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தாள்.

"வட்டம் சின்னதா கீதே" என்று முனகிக்கொண்டே கோலமாவை எடுத்தாள்.