வளைவில் நின்ற டீச்சர்

அந்த மனுஷனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் இந்த வயசில் இவளுக்கு ஏன் இவ்வளவு ஆங்காரம் என்று யாரும் கேட்க வேண்டாம்.

எண்பதுகளின் நடுவில் நான் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் எட்டாவது படித்தேன். சுற்றுவட்டாரப் பள்ளிகளெல்லாம் சேர்ந்து ஒரு மண்டலம். வருஷத்துக்கு ஒரு தடவை மண்டல ஓட்டப் போட்டி நடக்கும். ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் இரண்டு பேர் மட்டும் பம்பாய் முழுவதற்குமான பெரிய போட்டிக்குப் போகலாம். மூன்றாவதாக வந்தவளுக்குக் கையில் ஒரு வடாபாவ், போய் வா தாயே.

மண்டலச் செயலாளர், செம்பூரில் ஒரு பெரிய இங்கிலீஷ் பள்ளியின் பி.டி. சார். போட்டி நடப்பது அவர் பள்ளி மைதானத்தில். சுண்ணாம்புக் கோடு போடுவது அவர் பள்ளிப் பியூன். யார் எந்தக் கோட்டில் ஓடுவது என்று சீட்டு எடுப்பதும் அவரேதான். பந்தயம் முடியும் இடத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு மேடை இருக்கும். அதில் உட்காரும் நடுவர்களில் ஒருவர் முதலாவதாக வருபவரை மட்டும் பார்ப்பார், அடுத்தவர் இரண்டாவதை மட்டும் பார்ப்பார். அந்த நடுவர்கள் யார்? ஓடுகிற பள்ளிகளின் பி.டி. சார்களேதான்! எங்கள் பள்ளிக்கோ பி.டி. சாரே கிடையாது. அதனால் மேடையில் எங்களுக்கென்று ஒரு கண் கிடையாது.

எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் தையல் டீச்சர். தினமும் முலுண்டிலிருந்து ரயிலில் வருவார். யாராவது சத்தமாகப் பேசினாலே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்.

எனக்கு அந்தப் பெரிய போட்டி வேண்டும். வீட்டில் அம்மா கூலிக்குச் சட்டைப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, பெரிய போட்டிக்குப் போனேன்னா ஓடு. இல்லன்னா அடுத்த வருசத்தோட ஓடுனது போதும், அம்மாகூட உக்காந்து ஊசியப் பிடி" என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

இருநூறு மீட்டர் ஓடினேன். முடிவுக் கோட்டைத் தாண்டும்போது எனக்கு முன்னால் ஒருத்திதான். செயலாளர் பள்ளிப் பெண் மூச்சு வாங்கும் சத்தம் என் முதுகுக்குப் பின்னால்தான் கேட்டது. ஆனால் இரண்டாவதைப் பார்க்க உட்கார்ந்திருந்தவர் அதே பள்ளியின் இன்னொரு பி.டி. சார். அவர் நிதானமாக இறங்கி வந்து அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்தார். நான் மூன்றாவதாம்.

ஆட்சேபணை சொல்ல விதி உண்டு. ஓடியவள் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. கூட வந்த ஆசிரியர்தான் செயலாளரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

"டீச்சர், போய்ச் சொல்லுங்க டீச்சர். நாந்தான் ரெண்டாவது."

"வாடி, போகலாம். நமக்கேன் வம்பு?"

நானே போனேன். செயலாளர் மாட்டுங்காத் தமிழர். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் தமிழில்தான் காப்பி கேட்டுக்கொண்டிருந்தார். "சார், நாந்தான் சார் ரெண்டாவது வந்தேன்" என்று நான் சொன்னதும் அவருக்குத் தமிழ் மறந்துபோயிற்று. "ஏ லட்கி, சலோ, ஹடோ இதர் ஸே" என்று இந்தியில் சொல்லி, ஈயை விரட்டுகிற மாதிரி கையை ஆட்டினார். நாசமாய்ப் போக என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன்.

இந்த ஆளின் கொட்டத்தை அடக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். காட்கோபர் பள்ளிப் பெண் ஒருத்திதான் எனக்கு வழி சொன்னாள். நடுவராவதற்கு பி.டி. சாராக இருக்க வேண்டியதில்லையாம். எந்த ஆசிரியரும் ஒருநாள் வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினால் போதுமாம்.

பிடித்தேன் டீச்சரை. சாப்பாட்டு வேளையில் போய் நின்றேன், தையல் வகுப்பில் நச்சரித்தேன், சயான் ஸ்டேஷன் வரைக்கும் கூடவே நடந்தேன். "எனக்கு ஊசியில நூல் கோக்கத்தான் தெரியும், போடி" என்றார். நான் விடவில்லை. கடைசியில், "சனியனே, போறேன், ஆளை விடு" என்று போய்ப் பரீட்சையில் பாஸும் ஆகிவிட்டார்.

அடுத்த வருஷம் நடுவராக வந்து நின்ற டீச்சரைச் செயலாளரால் திருப்பி அனுப்ப முடியவில்லை. ஆனால் மேடையில் இடம் தருவாரா? கையில் ஒரு கொடியைக் கொடுத்து மைதானத்தின் தூரத்து வளைவுக்கு அனுப்பினார். வளைவில் ஓடும்போது யாராவது தன் உள்கோட்டை மிதித்தால் தூரம் குறைந்துவிடும். அப்படி மிதித்தால் அங்கே நிற்கிற நடுவர் கொடியைத் தூக்க வேண்டும், மிதித்தவள் பந்தயத்திலிருந்தே நீக்கம். "சும்மா நின்னுண்டிருங்கோ மேடம், அங்கே ஒண்ணும் நடக்காது" என்று சிரித்தார். டீச்சரிடம் மட்டும் தமிழ் வந்தது அவருக்கு.

அதே பெண்ணும் நானும் மறுபடி ஓடினோம். உள்ளதைச் சொல்கிறேன், அந்த வருஷம் அவள் என்னைவிட வேகம். அவள் இரண்டாவது, நான் அவளுக்கு நன்றாகவே பின்னால், மூன்றாவது. போச்சு, இனிமேல் ஊசிதான் என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் யாரோ கத்தினார்கள். திரும்பிப் பார்த்தால், வளைவில் டீச்சர் கொடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்!

செயலாளர் விசிலை ஊதிக்கொண்டே ஓடினார். "அஞ்சாவது கோட்டுப் பொண்ணு. உள்கோட்டை மிதிச்சா" என்றார் டீச்சர். முந்தானையைத் தொடவே இல்லை. செயலாளர் இங்கிலீஷில் கத்தினார். டீச்சர் அதையே திரும்பச் சொன்னார். ஆட்சேபணை சொல்லலாம்தான். ஆனால் அவர் பள்ளியின் ஆட்சேபணையை அவரே கேட்டு அவரே தீர்ப்புச் சொன்னால் ஊர் சிரிக்காதா? உதவிக்கு மேடையைப் பார்த்தார். வருஷக்கணக்காக அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மற்ற பி.டி. சார்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் மிதிக்கல சார், சத்தியமா மிதிக்கல" என்று அந்தப் பெண் புல்லில் குப்புற விழுந்து அழுதாள். செயலாளர் மைக்கை எடுத்து, இரண்டாவது இடம் என்று என் பெயரைத் தன் வாயாலேயே படித்தார். ஆஹா, என்ன குளிர்ச்சி!

திரும்பும்போது பஸ்ஸில் டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முந்தானையை மறுபடி இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்.

"சுண்ணாம்பு தெறிச்சுதா டீச்சர், அவ மிதிச்சப்போ?" என்று ஆசையாகக் கேட்டேன்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் காலையே பார்க்கலைடி. அவனோட ஸ்கூல் பனியன் வந்தது. தூக்கிட்டேன்."

அந்தப் பெண் பாவமில்லையா என்று கேட்பீர்கள். பாவம்தான். பெரிய போட்டியில் நான் ஓடியது அவளுடைய இடத்தில்தான். ஆனால் அந்த பஸ்ஸில் எனக்கு அவள் ஞாபகமே வரவில்லை. டீச்சரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சயான் வரும்வரை வயிறு வலிக்கச் சிரித்தேன்.