மகளின் வீடு டொலரிலா, பங்கிலா?

மகளுக்குச் சீதன வீடு கட்டச் சேர்க்கும் பணத்தைக் கொழும்புப் பங்குகளில் போடுவதா, கணவர் வேலை செய்யும் கத்தாரிலேயே டொலரில் முதலீடு செய்வதா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கல்முனையில் பங்குத் தரகர் அலுவலகத்துக்கு விசாரிக்கப் போனபோதுதான் அங்கே காத்திருந்த ஒருவரைக் கண்டேன். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத சேட். திரையில் விலை இறங்கும்போதெல்லாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிழை கண்ணாடியில்தான் என்பதுபோல.

"எல்லாம் மகள்ட ஊட்டுக் காசி, புள்ள. பங்கில போட்டுட்டன்," என்றார்.

"பங்க வித்துட்டு, டொலரா வெளிநாட்டுல வெச்சா என்ன, மாமா?"

"மாப்புள ஊட்டார் வந்து ஊடு எங்க எண்டு கேப்பாங்க. டொலரையா காட்டுற?"

"அப்ப பங்க மட்டும் காட்ட ஏலுமா?"

வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க படிச்ச புள்ள. சொல்லுங்க, இப்ப விக்கட்டா?" என்று கேட்டார்.

என் மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் அதை விசாரிக்கத்தான் வந்தேன் என்றேன். அவர் விற்காமலே எழுந்து நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் போய்விட்டார்.

அவர் கேட்ட விதம் மனதைவிட்டுப் போகவில்லை. சந்தை இன்னும் தளம்புகிறது. கணவரோ இந்த வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார். பெண் பிள்ளை பெற்றவர்களே, நீங்கள் என்ன செய்தீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.